யூஏஎன்: பத்து வருடப் புழக்கத்துக்குப் பிறகும் தீராத இனிஷியல் தகராறு

வேலை மாறப்போகிற நண்பர் ஒருவர் கேட்டார்: "பழைய கம்பெனி பிஎஃப்பை எடுத்துடலாமா, புதுசுக்கு மாத்திடலாமா?" ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: மாற்றுங்கள். ஆனால் 'மாற்று' என்ற பொத்தானை அமுக்கும் வரை போய்ச் சேர்வதுதான் பெரிய பாடு. 2014-இல் யூஏஎன் என்கிற நிரந்தர பிஎஃப் உறுப்பினர் எண் வந்ததிலிருந்து அதன் இணையதளத்தில் புழங்கிய அனுபவத்தை வைத்து, இந்தத் தளம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கழுத்தை அறுக்கிறது என்று எழுதுகிறேன். 12 இலக்க எண், எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே எண், சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தம் என்பதெல்லாம் தெரிந்த கதை.

முதலில் எரிச்சல். அது பெயர்.

செல்வராஜ் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'முருகன் எஸ்'. வங்கிப் பாஸ்புக்கில் 'எஸ்.முருகன்', புள்ளியோடு. ஆதாரில் 'எஸ் முருகன்', புள்ளி இல்லாமல். பான் விண்ணப்பம் இனிஷியலையே ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். ஆகவே பானில் 'முருகன் செல்வராஜ்'. தெருவில் எல்லோருக்கும் ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். இந்த நால்வரில் யாரை எச்ஆர் யூஏஎன்னில் ஏற்றினார் என்பது அன்று அவர் மேசையில் எந்தத் தாள் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

இதில் என்ன நஷ்டம்? யூஏஎன்னில் உள்ள பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரோடு பொருந்த வேண்டும். பான் எண்ணை இணைக்கும்போது அதே பெயர் வருமான வரித் துறைப் பதிவோடும் பொருந்த வேண்டும். ஆதாரில் ஒரு முருகன், பானில் வேறு முருகன் என்றால் ஒன்று ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. பான் இணையாமல் பணம் எடுக்கப் போனால், ஐந்து வருட சேவை முடியாதவருக்கு 10 சதவீதம் போக வேண்டிய டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 20 சதவீதமாகப் போகும். ஒரு புள்ளிக்கும் ஓர் எழுத்துக்கும் கொடுக்கிற விலை அது.

குடும்பப்பெயர் உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்த படிவங்கள் இவை. எங்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது சாமி என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? வேலை தேடும் தளங்களிலும் இதே தொல்லை. 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்பதால் சிலர் வெறும் புள்ளி வைக்கிறார்கள், சிலர் முதல் பெயரையே இரண்டு தடவை எழுதுகிறார்கள். அந்த 'முருகன் முருகன்' அப்படியே ஆஃபர் லெட்டருக்குப் போய், அங்கிருந்து பிஎஃப் பதிவுக்கும் போய்விடுகிறது. ரெஸ்யூமேயின் தலைப்பில் ஆதாரில் இருக்கிறபடி, எழுத்துக்கு எழுத்து அதே பெயரை வையுங்கள். பிஎஃப் தகராறு தொடங்குவது விண்ணப்பம் அனுப்பும் நாளில்தான்.

சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. அதை மாற்றிச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும். பானில் ஏற்கெனவே அப்பா பெயர் விரிந்திருக்கிறது அல்லவா? அந்தப் பான் கார்டை அடையாளச் சான்றாகக் கொடுத்து ஆதாரில் இனிஷியலை விரித்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான். மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையைக் காட்டும்போது ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்ட வேண்டும். ஆதார் மாறிய பின் யூஏஎன் தளத்தில் 'மேனேஜ்' பிரிவில் போய் அங்கும் பெயரைத் திருத்துங்கள். வங்கிக் கணக்கு கடைசி. மார்க் ஷீட்டை இதற்காகத் தொடவே வேண்டாம். இனிஷியல் விரிந்ததற்கு மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பினால் வேலை தேட நேரம் இருக்காது.

இந்தத் திருத்தம் முன்பெல்லாம் கம்பெனி ஒப்புதல், வட்டார அலுவலக ஒப்புதல் என்று இழுத்தடிக்கும். 2025 ஜனவரியில் இதைத் தளர்த்தினார்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வழங்கப்பட்ட, ஆதாரோடு சரிபார்த்த யூஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை உறுப்பினரே திருத்தலாம், காகிதம் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. அதற்கு முந்தைய யூஏஎன் என்றால் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனியே மூடிவிட்டிருந்தால் காகிதப் படிவத்தில் கெசட்டட் அதிகாரி போன்றவரின் சான்றொப்பம் வாங்கி அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். சீனியர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம் என்பது இந்த ஏற்பாட்டின் விசித்திரம்.

இனி எதிர்பாராத சந்தோஷம். அது 'மார்க் எக்ஸிட்'.

பழைய கம்பெனி விலகிய தேதியை ஏற்றாவிட்டால், நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகத்தான் பதிவு சொல்லும். பணத்தை மாற்ற முடியாது, எடுக்க முடியாது. கோபித்துக்கொண்டு விலகியவரின் தேதியை வேண்டுமென்றே ஏற்றாமல் இழுப்பது ஒரு காலத்தில் சில நிர்வாகங்களின் கையில் இருந்த சாட்டை. 2020 தொடக்கத்தில் இந்தச் சாட்டையைப் பிடுங்கி உறுப்பினரிடமே கொடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆன பிறகு 'மேனேஜ்', 'மார்க் எக்ஸிட்' என்று போய்ப் பழைய பிஎஃப் கணக்கைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, ஆதார் ஓடிபி அடித்தால் முடிந்தது.

இரண்டு இடத்தில் மட்டும் கை நிதானமாகப் போகட்டும். காரணப் பட்டியலில் 'ராஜினாமா' என்று தேடினால் கிடைக்காது. சாதாரணமாக வேலையை விட்டதற்கு அங்கே பெயர் 'செஸ்ஸேஷன் ஷார்ட் சர்வீஸ்'. அவசரத்தில் 'ரிட்டையர்மென்ட்' என்று அமுக்கிவிட்டால் முப்பது வயதில் ஓய்வுபெற்றவர் ஆகிவிடுவீர்கள். இரண்டாவது, தேதி. கடைசியாகப் பிஎஃப் செலுத்திய மாதத்துக்குள் விழும் தேதியைத்தான் போட வேண்டும். ரிலீவிங் லெட்டரில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். பதிவான பிறகு இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. புதிய கம்பெனியில் சேர்ந்த தேதி பழைய கம்பெனியில் விலகிய தேதிக்கு முன்னால் போய்விட்டால் இரண்டு சேவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் தேதிகளைப் பார்ப்பது பிஎஃப் அலுவலகம் மட்டுமல்ல. பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் இப்போதெல்லாம் யூஏஎன் தளத்தின் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பக்கத்தைப் படம் பிடித்துக் கேட்கிறார்கள். மூன்று மாதமே இருந்துவிட்டு ரெஸ்யூமேயில் விழுங்கிய கம்பெனி அங்கே பெயரோடும் தேதியோடும் நிற்கும். நேர்முகத்துக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தையும் ரெஸ்யூமேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். ரெஸ்யூமேயில் 'மார்ச்', பதிவில் 'மே' என்றிருந்தால் கேட்கும் முன்னரே நீங்களே சொல்லிவிடுவது மரியாதை.

ராஜினாமா மெயில் அனுப்பும் முன் இன்னொன்று. ஆதாரோடு இணைந்த கைபேசி எண் எது? கம்பெனி கொடுத்த சிம் என்றால், கடைசி நாளில் சிம்மோடு ஓடிபியும் போய்விடும். மேலே சொன்ன ஒவ்வொரு வேலையும் அந்த ஓடிபியில்தான் தொங்குகிறது. முதலில் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எடுப்பதா, மாற்றுவதா? கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முருகனின் முதல் வேலையில் அடிப்படைச் சம்பளம் 12,000. அவர் பங்கு 1,440. கம்பெனி பங்கு 1,440-இல் ஏறத்தாழ 1,000 பென்ஷனுக்கும் 440 பிஎஃப்புக்கும் போகும். இரண்டு வருடத்தில் பிஎஃப்பில் மட்டும் 45,120 ரூபாய், வட்டி தனி. 50,000-க்குக் கீழே என்பதால் டிடிஎஸ் இல்லை. பைக்குக்கு முன்பணம் ஆகும் தொகை. கை அரிக்கத்தான் செய்யும். இரண்டாவது வேலையில் அடிப்படைச் சம்பளம் 25,000, கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் பங்கு செலுத்துகிறது. அவர் பங்கு 3,000. கம்பெனி பங்கில் 1,250 பென்ஷன், 1,750 பிஎஃப். மூன்று வருடத்தில் பிஎஃப் 1,71,000. முதல் கணக்கை மாற்றியிருந்தால் இரண்டும் மூன்றும் ஐந்து வருடம், வரி கிடையாது. பைக்குக்காக எடுத்திருந்தால் கையில் இருப்பது மூன்று வருட சேவைதான். 10 சதவீதம் என்றால் 17,100 டிடிஎஸ், அதற்கு மேல் அவருடைய வரி வரம்பைப் பொறுத்து மிச்சக் கணக்கு. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால், பென்ஷனுக்கு வேண்டிய 10 வருட சேவையில் இரண்டு வருடம் போச்சு.

வேலை போய் வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடு என்றால் கதை வேறு. எடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'ரெண்டு மாசம் சும்மா இருந்தா முழுசா வந்துடும்' என்ற பழைய கணக்கை நம்பி வாடகைக்குத் திட்டம் போடாதீர்கள். 2025 அக்டோபரில் பிஎஃப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு, 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், முழுத் தொகைக்கு 12 மாதமும் பென்ஷன் தொகைக்கு 36 மாதமும் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதி எது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

புதிய கம்பெனியில் சேரும் நாளில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். அதில் படிவம் 11-ஐ மட்டுமாவது வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள். 'முன்பு 1995 பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரா?' என்று ஒரு கேள்வி இருக்கும். முருகன் போன்றவர்கள் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். காரணம் இதுதான்: 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாகச் சேர்பவரின் பிஎஃப் சம்பளம் 15,000-ஐத் தாண்டினால் பென்ஷன் திட்டம் கிடையாது. ஆனால் 12,000-இல் தொடங்கி ஏற்கெனவே உறுப்பினரானவருக்குச் சம்பளம் உயர்ந்தாலும் உறுப்பினர் நிலை தொடரும். எச்ஆர் 25,000 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'பென்ஷன் இல்லை' என்று டிக் அடிப்பது சர்வ சாதாரணம். வருடங்கள் கழித்துக் கண்டுபிடித்தால் கம்பெனி ஒவ்வொரு மாதத்துக்கும் திருத்தம் போட வேண்டியிருக்கும். அதை யாரும் ஆசையாகச் செய்வதில்லை. முதல் மாதப் பங்கு ஏறியதும் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் பத்தியில் 1,250 விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செலுத்தக் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி.

பாஸ்புக் என்றதும் இன்னொரு பீதி. பணம் மாறி வந்த பிறகு பார்த்தால், ஊழியர் பங்கு வந்திருக்கும், கம்பெனி பங்கு வந்திருக்கும், பென்ஷன் பத்தியில் பூஜ்யம் நிற்கும். பணத்தை அமுக்கிவிட்டார்கள் என்று கொதிக்க வேண்டாம். பென்ஷன் பணம் தனித்தனிக் கணக்கில் கிடப்பதில்லை, பொது நிதியில் சேர்கிறது. மாறுவது உங்கள் சேவைக்காலம் மட்டும். இதைப் பாஸ்புக்கிலேயே ஒரு வரி எழுதிவைத்திருந்தால் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு மிச்சமாகியிருக்கும்!

சொந்தமாக டிரஸ்ட் வைத்துப் பிஎஃப் நடத்தும் பெரிய கம்பெனியிலிருந்து வருபவர்களுக்கு மாறி வரும் பணத்தையும் சேவைக்காலத்தையும் விவரிக்கும் 'அனெக்ஸர் கே' என்ற தாள் வேண்டும். அது வராமல் பணம் மட்டும் வந்தால் சேவைக்காலம் அந்தரத்தில் நிற்கும்; டிரஸ்டிடம் மெயிலில் கேட்டு ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் என்று கேட்டால், 2014-இல் இருந்ததோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். விலகிய தேதி நம் கையில், பெயர்த் திருத்தம் பெரும்பாலும் நம் கையில், 2025 முதல் பணம் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது காசோலைப் படம் ஏற்றும் வேலையும் இல்லை. நியாயமாக ஐந்துக்கு நான்கு கொடுக்க வேண்டும். இரண்டுதான் கொடுக்கிறேன். அப்பா பெயரைச் சுருக்கி ஓர் எழுத்தாக்கி முன்னால் ஒட்டிக்கொள்வது ஒரு மாநிலத்தின் வழக்கம் என்று தெரிந்தும், இத்தனை வருடமாக அதற்கு ஒரு கட்டம் வைக்கத் தோன்றவில்லையே, அதற்காகக் கழித்த இரண்டு.

நண்பருக்கு அனுப்பிய பதிலின் கடைசி வரி இது: கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன், பாஸ்புக்கையும் சர்வீஸ் ஹிஸ்டரியையும் பிடிஎஃப் ஆக்கிச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது இனிஷியலை முன்னால் போட்டாலும் சரி, பின்னால் போட்டாலும் சரி. அந்த ஓரிடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.