கராஜ் இல்லாதவர்கள் துணிக்கூரைக் கார் வாங்கும்முன் படிக்க வேண்டியது: கிளாஸ்கோவிலிருந்து ஓர் எச்சரிக்கை

பிரிட்டனில், அதிலும் மழை மிகுந்த மேற்கு ஸ்காட்லாந்தில், பழைய துணிக்கூரைக் கார் வாங்க எண்ணியிருப்பவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் இந்தப் பதிவை முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூரை ஒழுகும் ஒரு காரை, ஒழுகுவது வெளியே தெரியாதபடி மறைத்து எனக்கு விற்ற வியாபாரி, நான் முறையிட்டபோது, "உங்களுக்குக் கராஜ் இல்லை, தெருவில் நிறுத்துகிறீர்கள், அதனால்தான் உள்ளே நனைகிறது" என்று பழியை என்மீது சுமத்தினார். கேட்பவர் வாயடைத்துப் போகும்படியான வாதம் இது. ஆனால் அதில் உண்மையும் இல்லை, சட்டத்தின் முன் அது நிற்பதும் இல்லை. இந்த இரண்டையும் விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கிளாஸ்கோவில் பெய்வது அதைவிடக் குறைவுதான். ஆயினும் சென்னையின் மழையில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிட, இங்கோ ஆண்டில் ஏறத்தாழ 170 நாட்கள் மழை நாட்களாக இருக்கின்றன. நனைந்த துணி காய்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். நகரின் பழைய மணற்கல் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் எங்களுக்குக் கராஜ் என்பதே கிடையாது. கார்கள் ஆண்டு முழுவதும் தெருவோரத்தில், பெரும்பாலும் மரங்களுக்கு அடியில்தான் நிற்கும். அப்படியிருந்தும் இதே தெருக்களில் பல ஆண்டுகளாக உள்ளே ஒரு சொட்டு நீர் புகாமல் நிற்கும் துணிக்கூரைக் கார்கள் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்களிடம் பேசிய பிறகே, எனக்கு நேர்ந்தது இயற்கையின் செயல் அன்று என்பது உறுதியாயிற்று.

நான் வாங்கியது 2004-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1998 முதல் 2005 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை வண்டி. அதன் கூரை மழையைச் சமாளிக்கும் முறையைப் புரிந்துகொண்டால்தான் நடந்த மோசடியும் புரியும். கூரையின் பின் விளிம்பில் வழியும் நீர் முழுவதும் வெளிப்புறமாகவே போய்விடுவதில்லை. ஒரு பகுதி விளிம்புக்கு அடியில் இறங்குவதை எதிர்பார்த்தே, அங்கே ஒரு பிளாஸ்டிக் நீர்த்தடம் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தடம் நீரை இரு பக்கமும் ஏந்திச் சென்று, இருக்கைகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் பொருத்தப்பட்ட தூண்களின் அருகிலுள்ள வடிகால் துளைகளில் விடும். அங்கிருந்து குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால், வண்டியின் அடியில் நீர் வெளியேறும். இலைத்தூளும் பாசியும் சேர்ந்து துளை அடைபட்டாலோ, அந்தத் தடம் விரிசல் விட்டாலோ, நீர் தரைக்கம்பளத்துக்கு அடியிலும், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் சில் எனப்படும் உள்ளீடற்ற இரும்புப் பகுதிக்குள்ளும் தேங்கும். கம்பளம் நனைந்தால் காயவைத்துவிடலாம். சில் உள்ளிருந்து துருப்பிடித்தால், வண்டியின் உடல்வலுவே போய்விடும்.

விளம்பரத்தில் "கூரை புதிது, வடிகால்கள் சுத்தம் செய்யப்பட்டவை, இதுவரை கராஜில் நின்ற வண்டி" என்று மூன்று உறுதிமொழிகள் இருந்தன. நான் பார்க்கச் சென்றது மே மாதத்தில். இப்பகுதியில் ஆண்டின் வறண்ட காலங்களில் ஒன்று அது. இத்தகைய கார்கள் மிகுதியாக விலைபோகும் காலமும் அதுவே. உள்ளே புதுக் கம்பளம், வாசனைத் திரவியத்தின் நெடி, பளபளக்கும் கூரை. வண்டியைத் தெருவில்தான் நிறுத்தப் போகிறேன் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிக் கேட்டேன். புதிய கூரை என்பதால் எந்தக் கவலையும் வேண்டாம் என்றார். இந்த உரையாடலின் சாரத்தை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்ற பதிலையும் பெற்றேன். பிற்பாடு என்னைக் காப்பாற்றியவற்றுள் இதுவும் ஒன்று.

கோடை முடியும் தறுவாயில் கண்ணாடிகளின் உட்புறம் காலையில் மூடுபனி படர்ந்தாற்போல் நீர்த்திவலைகள் நிற்கத் தொடங்கின. பின்னர், மூடிய அறையில் ஈரத்துணி கிடப்பது போன்ற ஒரு வாடை வந்தது. ஒரு பெருமழைக்குப் பிறகு இருக்கையின் பின்புறம் கையை வைத்தால் நீர் கசிந்தது. இவ்வகைக் கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் இருக்கைகளைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கியபோது வெளிப்பட்டவற்றைப் படம் எடுத்து, எழுத்து மூலமான அறிக்கையும் தந்தார். கம்பளத்தின் அடியில் இருக்க வேண்டிய பஞ்சு, நீர் தேங்கும் இடங்களில் மட்டும் கத்தியால் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. பஞ்சு இருந்தால் நீரை உறிஞ்சி மேலே காட்டிக்கொடுத்துவிடும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. கூரை புதிதுதான், ஆனால் அதை மாற்றியபோது உடைந்த நீர்த்தடத்தை மாற்றாமல் சிலிக்கோன் பசையை அப்பி ஒட்டியிருந்தார்கள். வடிகால் துளைகள் இரண்டும் பாசி கலந்த சேற்றால் இறுகியிருந்தன. பின் சக்கரத்துக்கு முன்னால் சில்லின் கீழ்ப்பகுதியில் துருவின் மேலேயே கெட்டியான கறுப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தது. இவற்றுள் எதுவும் சில மாதங்களில், அதுவும் தெருவில் நின்றதால், உண்டாகக்கூடியது அன்று என்று அந்த மெக்கானிக் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார்.

அறிக்கையைக் கண்ட பிறகும் வியாபாரி தம் வாதத்தை மாற்றவில்லை. முதலில் கராஜ் இல்லாததைச் சொன்னார். பிறகு, இது பழைய வண்டி, எம்ஓடி சோதனையில் தேறியிருக்கிறது என்றார். எம்ஓடி என்பது சாலையில் ஓட்டுவதற்கான பாதுகாப்பையும் புகையையும் பார்க்கும் ஆண்டுச் சோதனை. கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது அதன் வேலையே அல்ல. சோதிப்பவர் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதும் இல்லை. நான் விடாப்பிடியாக நின்றதால் பழுதுபார்த்துத் தருகிறேன் என்று வண்டியை எடுத்துச் சென்றார். திரும்பி வந்தபோது இன்னும் அதிகமான சிலிக்கோன் பசை பூசப்பட்டிருந்தது. அதில் ஒரு பகுதி வழிந்து, பயணியின் பக்கத்து வடிகாலையே அடைத்திருந்தது. முன்பு கசிந்த நீர் இப்போது தேங்கி நின்றது. ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு பொருளை இவ்வாறு கெடுப்பதைக் காண மனம் கொதிக்கிறது. அது நன்கு பராமரித்தால் இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய அழகான வண்டி.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். வியாபாரியிடமிருந்து சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கும் எவருக்கும் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும், ஸ்காட்லாந்துக்கும் அதுவே. பொருள் திருப்திகரமான தரத்துடனும், விவரித்தபடியும் இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம்தான் எதிர்பார்க்கப்படும் என்பது உண்மை. ஆனால் "வடிகால்கள் சுத்தம்" என்று விவரித்தால் அவை சுத்தமாகவே இருக்க வேண்டும். முதல் 30 நாட்களுக்குள் குறை தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் வியாபாரியே. ஒருமுறை பழுதுபார்க்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அது பலிக்காவிட்டால் வண்டியைத் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்நிலையில் நீங்கள் ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையை அவர் கழித்துக்கொள்ளலாம். "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று ரசீதில் எழுதி இந்த உரிமைகளை அவர் பறிக்க முடியாது. வாங்குபவருக்குக் கராஜ் இருக்க வேண்டும் என்று இச்சட்டத்தில் எங்கும் இல்லை. வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி கிடைக்காது.

வியாபாரி என் கடிதங்களுக்குப் பதிலளிப்பதை நிறுத்திவிட்டார். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்ததால் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75-இன் கீழ் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டேன். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், முன்பணம் மட்டுமே கார்டில் செலுத்தப்பட்டிருந்தாலும், முழு விலைக்கும் கார்டு நிறுவனம் வியாபாரியுடன் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். டெபிட் கார்டுக்கு இப்பிரிவு பொருந்தாது. விளம்பரத்தின் படம், மின்னஞ்சல்கள், மெக்கானிக்கின் அறிக்கை, எல்லாவற்றையும் அனுப்பினேன். ஓட்டியதற்கான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். மறுத்திருந்தால் நிதி நிறுவனங்கள்மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் போயிருக்கலாம். வியாபாரிமீது 5,000 பவுண்டு வரையிலான வழக்கை ஸ்காட்லாந்தின் உள்ளூர் நீதிமன்றமான ஷெரிஃப் நீதிமன்றத்தில் எளிய நடைமுறையிலும் தொடுத்திருக்கலாம்.

வண்டி பார்க்கப் போகும்போது முடிந்தால் மழை நாளில் போங்கள். இருக்கையை முன்னால் தள்ளி, பின்புறக் கம்பளத்தைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள்; பஞ்சே இல்லையென்றால் உடனே திரும்பிவிடுங்கள். கூரையைப் பாதி மடக்கி, இரு பக்க வடிகால்களிலும் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். அது தடையின்றி வண்டியின் அடியில் வெளியேற வேண்டும். இதற்கு மறுக்கும் வியாபாரியிடம் வாங்க வேண்டிய தேவையே இல்லை. சில்லின் பின்முனையில் புதிய கறுப்புப் பூச்சு மட்டும் தனியே தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வண்டியின் பதிவு எண்ணைக் கொண்டு அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி முடிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சில் அரிப்பு பற்றிய பழைய குறிப்புகள் அங்கே இருக்கும். கூரை புதிது என்றால் மாற்றிய கடையின் ரசீதைக் கேளுங்கள், நீர்த்தடமும் மாற்றப்பட்டதா என்று அதில் பாருங்கள்.

நல்ல வண்டி கிடைத்துத் தெருவில் நிறுத்துபவர்கள், இலையுதிர் காலத்தின் முடிவிலும் வசந்தத்திலும் வடிகால்களைச் சுத்தம் செய்தால் போதும். வளையும் நைலான் இழையைப் பயன்படுத்துங்கள். விறைப்பான கம்பி குழாயைத் துளைத்துவிடும், அழுத்தக் காற்று குழாயைக் கழற்றிவிடும். கூரையை மென்மையான தூரிகையால் கழுவுங்கள், அழுத்த நீர்ப் பீச்சியை அருகில் கொண்டுபோக வேண்டாம். ஈரமாக இருக்கும்போது மடக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடுவது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். காற்றுப் புகும் உறையே நல்லது.

அந்த வியாபாரியைப் பற்றி ஸ்காட்லாந்தின் நுகர்வோர் ஆலோசனைச் சேவையில் புகார் அளித்திருக்கிறேன். அவர்கள் அத்தகவலை உள்ளூர் வணிகத் தர அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். பணம் திரும்பக் கிடைத்தவர்களும் இதைச் செய்யுங்கள், ஏனெனில் ஒரே வியாபாரிமீது பல புகார்கள் சேரும்போதுதான் அதிகாரிகளால் அவர் நடத்தையைத் தொடர்ச்சியாகக் காண முடியும்.