குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திருப்பிய தச்சுவேலை: பத்து மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மண்டபம் என்ற கடலோர ஊரில் உள்ள எங்கள் வீட்டின் குளியலறைக் கதவு, கட்டிய நாள் முதல் உட்பக்கமாகவே திறந்துகொண்டிருந்தது. சென்ற தை மாதம் அம்மா உள்ளே வழுக்கி, கதவின் மீதே சாய்ந்து விழுந்துவிட்டார். அவர் மெல்ல நகர்ந்து வழிவிடும்வரை எங்களால் கதவைத் தள்ள முடியவில்லை. அடி பெரிதில்லை என்றாலும், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுவது என்று அன்றே முடிவு செய்து, இராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தச்சரை அழைத்தோம்.

நிலையைப் பெயர்த்துத் திருப்பி வைக்க வேண்டும், சுவரில் பதித்த ஓடுகளையும் உடைக்க வேண்டும் என்று வேறொருவர் முன்பே பயமுறுத்தியிருந்தார். இவர் நிலையின் பருமனை அளந்து பார்த்துவிட்டு, அதற்குத் தேவையில்லை என்றார். கதவு வந்து அமரும் பள்ளம் உட்பக்கத்தில் ஒன்றேகால் அங்குலம் இருந்தது. நிலையோ நான்கு அங்குலத் தேக்கு. கூடத்துப் பக்கம் அதே அளவில் புதிய பள்ளம் எடுத்தாலும், கதவைத் தடுத்து நிறுத்த நடுவில் ஒன்றரை அங்குலம் மீதம் நிற்கும். இயந்திரத்தால் நேர்க்கோட்டை வெட்டி, அது எட்டாத மூலைகளை உளியால் அவர் செதுக்கி முடித்த நேர்த்தியைக் குறை சொல்ல இடமில்லை.

கீல் எந்தப் பக்கம் என்பதில்தான் நான் தடுமாறினேன். கதவை அப்படியே திருப்பி எதிர்ப்பக்க நிலைக்காலில் மாட்டினால், கதவில் இருக்கும் பழைய கீல் வெட்டுகளையே பயன்படுத்திக்கொள்ளலாம், வேலையும் குறையும் என்பது என் கணக்கு. "அப்படி மாத்துனா சுவிட்சு கதவுக்குப் பின்னால போயிரும்ணே, அம்மா இருட்டுல தடவணும்" என்றார். அத்துடன், குளியலறை ஈரத்தில் வெளுத்துப்போன கதவின் உட்பக்கமும் கூடத்தைப் பார்த்துவிடும். ஆகவே கீல் பழைய பக்கத்திலேயே நின்றது. கதவில் புதிய வெட்டுகள் எடுக்கப்பட்டன. பழைய வெட்டுகளில் தேக்குத் துண்டுகளைப் பசையிட்டு அடைத்து இழைத்தார். உட்புறத் தாழ்ப்பாளுக்குப் பதிலாக, அவசரத்தில் வெளியிலிருந்தும் நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றைப் பொருத்தச் சொன்னதும் அவரே. இரண்டு நாள் வேலைக்குக் கூலி 2,400 ரூபாய், பொருள்கள் தனி.

குறை திருகாணியில் வந்தது. வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கும் எங்கள் ஊரில், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்போடுதான் வரும். கீல்கள் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி வாங்கியவர், அவற்றை முடுக்கியதோ மேற்பூச்சுப் பூசிய இரும்புத் திருகாணிகளால். மூன்றாம் மாதமே தலைகளில் துரு பூத்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பட்டென்று ஒட்டியது. பலமுறை தொலைபேசியில் அழைத்த பின்பு வந்து, கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலேயே 304 என்ற தரத்தைவிட, மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 தரம் உப்புக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் ஒரு கதவுக்கு வேண்டியவை கைப்பிடியளவுத் திருகாணிகளே என்பதால், அவற்றை நீங்களே வாங்கி வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு சற்று ஊதியது. ஆனால் அவர் விட்டிருந்த இடைவெளி போதுமானதாக இருந்ததால் எங்கும் பிடிக்கவில்லை. வெளிப்பக்கம் திறப்பதால் கதவில் வழியும் நீர் இப்போது கூடத்துத் தரையில் சொட்டுகிறது. இதை அவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. அடியில் ரப்பர் பிடிப்புள்ள கால்மிதி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறோம்.