ராஜாஜி சாலை கிளியரிங் ஏஜென்சி: பின்னல் துணிக்கு நம்பிக் கொடுக்கலாம், பில்லைப் பிரித்துக் கேளுங்கள்

சென்னை கோடவுன் தெருத் துணிக் கடைகளுக்கு இறக்குமதிச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்து எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி இது. கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கத்திலேயே ஆபீஸ். பேப்பர் வேலை தெரிந்தவர்கள் அந்தச் சாலையில் நிறையப் பேர் உண்டு. இவர்களுக்குத் துணியும் தெரியும்.

2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அது ரொம்ப அவசியம். சுங்க வரிப் பட்டியலின் 6004, 6006 தலைப்புகளில் ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கு அடிப்படை வரி 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது. கிலோ 575 ரூபாய்க்குக் கீழே உள்ளதெல்லாம் 115-ல்தான் விழும். கிலோ 320 ரூபாய்த் துணி பத்து டன் வந்தால் சதவீதக் கணக்கில் 6.4 லட்சம், கட்ட வேண்டியதோ 11.5 லட்சம், இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி தனி. ஆர்டர் போடும் முன்பே இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

வரி கிலோவுக்கு என்பதால் பேக்கிங் லிஸ்டில் ரோல் வாரியாக நிகர எடை கேட்கிறார்கள். அட்டைக் குழாயும் பாலிதீனும் எடையில் சேர்ந்தால் அதற்கும் வரி கட்ட நேரும். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வைத்தும் சரிபார்க்கிறார்கள்: 180 ஜிஎஸ்எம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் மீட்டருக்கு 270 கிராம், நூறு மீட்டர் ரோல் 27 கிலோ. லிஸ்டில் 22 என்று இருந்தால் அதிகாரி ரோலைப் பிரிக்கச் சொல்வார். கன்டெய்னர் நிற்கும், டெமரேஜ் என்ற தாமத வாடகை ஏறும். லைக்ரா என்ற இழுவை நூல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, அகலம் 30 செ.மீ.யைத் தாண்டினால் 6004. சாம்பிளை லேபில் பார்த்த பிறகே எண் போடுகிறார்கள்.

கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட்டுவிடுகிறார்கள். தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000, பிறகு தினம் 10,000 அபராதம். பங்களாதேஷ் ரெடிமேட் கேட்டால், 2025 மே உத்தரவுப்படி மும்பை அருகே உள்ள நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும்தான் வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆசியான் (தென்கிழக்கு ஆசிய) நாடுகளின் சரக்குக்கான சலுகை வரி விஷயத்தில்தான் சுணக்கம். சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதைச் சரிபார்க்கும் 2020 காரோட்டார் விதிப்படி மூலச் சான்றிதழ் மட்டும் போதாது. நூல் எங்கே வாங்கியது, எங்கே பின்னியது என்ற விவரமும் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். இதை ஏஜென்சிக்காரர்கள் கப்பல் கிளம்பிய பிறகுதான் கேட்கிறார்கள். பணம் கைமாறிய பின் எந்த விற்பனையாளர் பதில் போடுவார்? நீங்களே ஆர்டரோடு சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கொட்டேஷன் மொத்தத் தொகையாக வரும். ஏஜென்சி கட்டணம், சிஎஃப்எஸ் (கன்டெய்னர் கிடங்கு) கட்டணம், கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் கட்டணம், லாரி வாடகை நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.