சிக்குன்குனியா: ஊசியா, மலட்டுக் கொசுவா, வோல்பாக்கியாவா?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் நாற்பது வயதைக் கடந்த தமிழர் இருவர் உட்கார்ந்து பேசினால், ஊர்க்கதைக்கு முன்னால் மூட்டுவலிக் கதை வந்துவிடும். 2005-06 சிக்குன்குனியா அலையில் இங்கே சுமார் 2,66,000 பேர் படுத்தார்கள். தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கு அது. அதன்பின் அந்த அளவுக்கு அலை எதுவும் வரவில்லை. 2024 ஆகஸ்டில் உள்ளூரிலேயே தொற்றிய நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டார். 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் அடித்து, தோட்டமெங்கும் தண்ணீரைத் தேக்கிவிட்டுப் போனது. அந்த அலையில் ஆய்வகம் உறுதிசெய்தவர்கள் மட்டுமே 50,000-க்கும் மேல்.

சேன்தாந்த்ரே பக்கம் கோயில் பந்தியில் இலை போடுவதற்குள் இதுபற்றி மூன்று கட்சி கிளம்பிவிடுகிறது. தடுப்பூசிதான் வழி என்பது ஒன்று. மலட்டு ஆண் கொசுக்களைப் பறக்கவிட வேண்டும் என்பது இன்னொன்று. நியூ கலிடோனியாவின் நுமேயாவில் செய்ததுபோல வோல்பாக்கியா கொசுவைக் கொண்டுவாருங்கள் என்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதுதான் இங்கே பொருந்தாதது.

வோல்பாக்கியா என்பது பூச்சிகளின் உயிரணுவுக்குள் வாழும் பாக்டீரியா. அதை ஏற்றிய கொசுவில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியானது. பிரமாதமான முடிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே டெங்குவைச் சுமந்தது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. இயற்கையில் அதற்கு வோல்பாக்கியா கிடையாது. நம் வீட்டு முற்றத்தில் பட்டப்பகலில் கணுக்காலைத் தேடி வரும் வெள்ளை வரிக் கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். அதன் உடம்பில் இரண்டு வகை வோல்பாக்கியா ஏற்கெனவே குடியிருக்கின்றன. அப்படி இருந்தும் 2006-இல் தீவையே அது படுக்கவைத்தது. சிக்குன்குனியா வைரஸின் உறைப் புரதத்தில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றம் இந்தக் கொசுவில் அது செழித்துப் பெருக வழிசெய்தது. ரீயூனியன் நோயாளிகளின் மாதிரிகளில்தான் அது கண்ணில் பட்டது. வோல்பாக்கியாவை அல்போபிக்டஸுக்கே எதிராகப் பயன்படுத்த வேறு வழி உண்டு. 2019-இல் குவாங்சோவில் வேற்று வோல்பாக்கியாவை ஏற்றி, கதிர்வீச்சும் பாய்ச்சி, ஆண் கொசுக்களை விட்டுக் கூட்டத்தை வெகுவாகக் குறைத்தார்கள். அது வைரஸை அடக்குவதல்ல, கொசுவைக் குறைப்பது. அப்படிப் பார்த்தால் அது மலட்டுக் கொசுக் கட்சியில்தான் சேரும்.

ஊசிக்கு வருவோம். சந்தையில் இருப்பவை இரண்டு. வால்நேவாவின் இக்ஸ்சிக், வலுவிழக்கச் செய்த உயிர் வைரஸ். பவேரியன் நோர்டிக்கின் விம்குன்யா, உள்ளே மரபுப்பொருள் இல்லாத வெறும் வைரஸ் ஓடு. இரண்டும் ஒரே தவணை. இக்ஸ்சிக் போட்டு 28 நாளில் 98.9 சதவீதம் பேருக்குப் போதிய எதிர்ப்பொருள் இருந்தது. விம்குன்யாவில் மூன்று வாரத்தில் 12 முதல் 64 வயதினரில் 97.8 சதவீதம், 65 வயதைத் தாண்டியவர்களில் 87.3 சதவீதம். இந்த எண்களை அருகருகே வைத்து வெற்றி தோல்வி சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இவை இரத்தத்தில் அளந்தவை. நோய் எத்தனை பேருக்கு வராமல் தடுக்கப்பட்டது என்ற கள அளவு, இரண்டுக்குமே அனுமதி கிடைத்தபோது இல்லை. சிக்குன்குனியா சொல்லிக்கொண்டு வருவதில்லை. சோதனைக்கு ஆள் சேர்ப்பதற்குள் அலை ஓய்ந்துவிடும். யோக்யகர்த்தாவின் 77 சதவீதம் என்பது நோயாளிகளை எண்ணி வந்தது. அதையும் 98.9-ஐயும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

உண்மையான வேறுபாடு வயதில் தெரிகிறது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில், வேறு நோய்களும் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு இங்கே இக்ஸ்சிக் போடத் தொடங்கினார்கள். மிக முதியவர்கள் சிலருக்குக் கடுமையான பின்விளைவு, ஒரு மரணம். அந்த மாதம் முடிவதற்குள் அந்த வயதினருக்கே அது நிறுத்தப்பட்டது. யாரை முதலில் காப்பாற்ற வேண்டுமோ அவர்களுக்கே ஆகாமல் போனது. ஐரோப்பிய மருந்து முகமை, முதியவர்களுக்குத் தான் விதித்திருந்த தற்காலிகத் தடையை ஜூலையில் நீக்கி, எச்சரிக்கையோடு பயன்படுத்தச் சொன்னது. அமெரிக்காவோ ஆகஸ்டில் உரிமத்தையே நிறுத்திவைத்தது. ஒரே தகவலை வைத்து இரண்டு கண்டங்கள் இரண்டு பக்கம் போயின என்று சிலர் சிரிக்கிறார்கள். அலை அடிக்கும் ஊரில் ஊசியின் ஆபத்தையும் நோயின் ஆபத்தையும் எடைபோடுவது வேறு, விடுமுறைக்குப் போகிற பயணிக்கு எடைபோடுவது வேறு. கணக்கு மாறினால் விடையும் மாறத்தான் செய்யும்.

மலட்டுக் கொசு முறையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. கூட்டுப்புழுப் பருவத்தில் ஆண் சிறியது, பெண் பெரியது. அந்த அளவு வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடுகிறார்கள். ஆணுக்குக் கதிர்வீச்சு பாய்ச்சி வெளியே விடுவார்கள். ஆண் கடிக்காது. அதோடு கூடிய பெண் இடும் முட்டை பொரிக்காது. பக்கத்துத் தீவான மொரீஷியஸில் பஞ்சவடி என்ற சிற்றூரில் இதைச் சோதித்தார்கள். இங்கே சேந்த் மாரியின் துபார்க் பகுதியில் விட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் இது அவசரத்துக்கு உதவாது. வைரஸைச் சுமந்து திரியும் பெண் கொசுவை மலட்டு ஆண் ஒன்றும் செய்யாது. அது சாகும்வரை கடித்துக்கொண்டுதான் இருக்கும். விடுவதை நிறுத்தினால் பக்கத்துத் தெருக் கொசு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வீட்டு வேலையும் உண்டு. துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை ஒரு நாள் எட்டிப் பாருங்கள். நிழல் விழுந்ததும் புழுக்கள் நெளிந்து அடியில் ஓடும். அவற்றை நிலத்தில் கொட்டிவிட்டால் சாகும். தண்ணீர் இருந்த கோட்டுக்குச் சற்று மேலே, விளிம்போடு ஒட்டிய கரும்புள்ளிகள்தான் முட்டை. அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது மணல் நிரப்பிவிட வேண்டும்.

இரவில் தெருவோடு அடிக்கும் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிப் புகையை நான் கடைசியில் வைப்பேன். நோயாளி வீட்டைச் சுற்றி அடிப்பதில் பயன் உண்டு. மற்றபடி தேனீ வளர்ப்பவர் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

எழுபது வயது அத்தைக்கு எது என்று கேட்டால், 2006-இல் வந்ததா என்று முதலில் விசாரிப்பேன். வந்திருந்தால் எதிர்ப்பு நெடுங்காலம் நிற்கிறது. ஓர் இரத்தப் பரிசோதனை உறுதிசெய்யும், ஊசியே வேண்டியிருக்காது. வரவில்லை என்றால் உயிர் வைரஸ் அல்லாத ஊசிபற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அண்மையில் வந்து குடியேறியவர்களும், 2006-க்குப் பின் பிறந்த பிள்ளைகளும் எதிர்ப்பு இருப்பதாக நம்பிக்கொள்ளக் கூடாது. பிறந்த குழந்தைக்கோ எந்த ஊசியும் இல்லை. பிரசவ வேளையில் காய்ச்சலோடு இருக்கும் தாயிடமிருந்து குழந்தைக்கு வைரஸ் போகும் என்பதை 2005-06-இல் இந்தத் தீவின் மருத்துவர்கள்தான் முதலில் கண்டு சொன்னார்கள். அந்தக் குழந்தைக்காகவாவது கொசுவைக் குறைத்தாக வேண்டும். அதற்கு மலட்டு ஆண் கொசுக்களைப் பறக்கவிட ஏற்ற காலம், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இங்கத்திய குளிர்காலம். கொசு குறைந்திருக்கும்போது நூறு ஆண் செய்கிற வேலையை, கொசு மண்டும் மார்ச்சில் ஆயிரம் விட்டாலும் செய்ய முடியாது. நகராட்சிக் கூட்டத்தில் ஊசியா கொசுவா என்று சண்டை போடுபவர்கள், பணம் எந்த மாதத்தில் ஒதுக்கப்படுகிறது என்று ஒருமுறை கேட்டால் நல்லது.