பிளேட் கேரியருக்கு வீட்டிலேயே செய்த ஃபோம் பிளேட்: மூன்று வருட அனுபவம்

ஏர்சாஃப்டுக்கு, அதாவது பொம்மைத் துப்பாக்கியால் பிளாஸ்டிக் குண்டு சுட்டு ஆடும் விளையாட்டுக்கு, வாங்கும் பிளேட் கேரியர் (ராணுவத்தினர் தற்காப்புத் தகடு செருகி அணியும் மேலங்கி மாதிரியானது) பெரும்பாலும் வெறும் உறையாகத்தான் வரும். உள்ளே எதுவும் இல்லாவிட்டால் குண்டு நிரப்பிய மேகசின்களை வைக்கும் பவுச்சின் பாரத்தில் முன்பக்கம் மடிந்து தொங்கும், ஓடும்போது வயிற்றில் அடிக்கும். அதற்காக நானே ஃபோமில் பிளேட் வெட்டிப் போட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது உள்ளே இருப்பது இரண்டாவது ஜோடி. முதல் ஜோடி நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

முதலில் எடுத்தது மெத்தையில் போடும் பஞ்சு மாதிரியான ஃபோம். அது வியர்வையை அப்படியே குடித்தது. காயவைத்தாலும் நாற்றம் போகவில்லை. அதைவிடப் பெரிய தவறு, தட்டையாக வெட்டியது. நெஞ்சு வளைவாக இருக்கிறது, பிளேட் பலகை மாதிரி இருக்கிறது. குனிந்தால் மேல் விளிம்பு கழுத்தெலும்பில் குத்தும், பக்கவாட்டில் இடைவெளி விழும்.

இரண்டாவது ஜோடிக்குத் தரையில் கோத்துப் போடும் ஈவிஏ பாய், 12 மி.மீ. தடிமன். அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்காது என்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது, துடைத்தால் போதும். ‘சாப்பி’ எனப்படும், குண்டு தடுக்கும் ராணுவ பிளேட்டின் மீடியம் அளவு 9.5 × 12.5 அங்குலம். என் உறையும் அந்த அளவுக்குத் தைத்ததுதான். ஆனாலும் முதலில் அட்டையில் வெட்டி உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபோமைத் தொட்டேன். மேல் மூலைகள் இரண்டையும் சரிவாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கியைத் தோளில் வைக்க இடைஞ்சலாக இருக்கும். கட்டரில் புது பிளேடு போட்டு, ஒரே கோட்டில் மூன்று நான்கு தடவை மெதுவாக இழுத்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

இனி வளைவு. ஒரே தடித்த துண்டைச் சூடாக்கி வளைத்தால் கொஞ்ச நாளில் நிமிர ஆரம்பித்துவிடும். இரண்டு மெல்லிய அடுக்குகளைத் தனித்தனியாக ஹீட் கன்னில் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி, பெரிய பானை ஒன்றின் மேல் வளைத்து, வளைந்த நிலையிலேயே ஒட்டினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வளைக்கலாம், கையை எடுத்ததும் ஓரளவு தளரும். வெளி அடுக்கு சுற்றிவர அதிகத் தூரம் வேண்டும் என்பதால் அதை ஒரு சென்டிமீட்டர் கூடுதல் அகலமாக வெட்டி, ஒட்டிய பிறகு மிச்சத்தைச் சீவினேன். காண்டாக்ட் சிமென்ட் என்ற பசையை, ஒட்ட வேண்டிய இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை விட வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் நடுக்கோட்டை முதலில் சேர்த்து, அங்கிருந்து ஓரங்களுக்கு அழுத்திக்கொண்டே போங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த நெடி தலைவலி கொடுக்கும்.

மூன்று வருடத்தில் அந்த ஒட்டு எங்கேயும் விடவில்லை. பின்பக்க பிளேட் புதிது போலவே இருக்கிறது. முன்பக்கத்தில் பவுச் அழுத்திய இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மி.மீ. பள்ளம். ஒரு நாள் வெயிலில் நின்ற காரில் விட்டுவிட்டேன், ஒரு மூலை நிமிர்ந்துபோனது. மறுபடி சூடாக்கி வளைத்ததில் சரியாகிவிட்டது. ஆரம்பத்தில் விளிம்பைச் சுற்றி ஒட்டிய டக்ட் டேப்தான் ஏமாற்றியது. வெப்பத்தில் பசை கசிந்து உறையின் உட்புறமெல்லாம் ஒட்டிக்கொண்டது. இப்போது பழைய டி-ஷர்ட் துணியில் பை தைத்துப் போட்டிருக்கிறேன், அவ்வப்போது துவைத்துக்கொள்ளலாம்.

ஒரு பிளேட்டின் எடை இருநூறு கிராம்கூட வராது. நாள் முழுக்க ஆடும்போது அது பெரிய நிம்மதி, ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கேரியர் மேலே ஏறும். இடுப்புப் பட்டையை ஒரு பிடி இறுக்கினால் நிற்கும். வெப்பத்துக்குத்தான் தீர்வு கிடைக்கவில்லை. ஃபோம் சூட்டை வெளியே விடாது.

எனக்கு உறுத்தலாக இருந்த விஷயம் வேறு. இந்த ஃபோம் இருக்கும்போது நெஞ்சில் 6 மி.மீ. பிபி (ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குண்டு) பட்டால் உணரவே முடியாது. ஏர்சாஃப்டில் பட்டவர் தானே கை தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். இரைச்சலில் தெரியாமல் போய் நான் ஆட்டத்தைத் தொடர்ந்தால் எதிரில் இருப்பவருக்கு அது ஏமாற்று. அதனால் ஃபோமுக்கு முன்னால் பிளாஸ்டிக் ஃபைல் அட்டை ஒன்றை வெட்டி வைத்தேன். இப்போது பட்டால் ‘டக்’ என்று கேட்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இது உறைக்கு உருவம் கொடுக்கும் ஃபோம், அவ்வளவுதான். நிஜக் குண்டையோ கத்தியையோ இது தடுக்காது. ஏர்சாஃப்டில் முதலில் காக்க வேண்டியது கண்ணை, அதற்குத் தரமான பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்து முன் பிளேட்டை மட்டும் புதிதாகச் செய்யப் போகிறேன். உடம்பைத் தொடும் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று வாய்க்கால் வெட்டி, காற்று போக வழி விட்டுப் பார்க்க வேண்டும்.