பதுளையில் ஹாம்ஸ்டர் வளர்ப்பு: தகரக் கூரையின் கீழ் மூன்று கோடைகள்

"மலைநாட்டில் இருந்துகொண்டு வெயிலுக்குப் பயப்படுகிறீர்களா?" என்று என் தங்கை கேட்டாள். அவள் இருப்பது நுவரெலியாவில், 1868 மீட்டர் உயரத்தில். ஜனவரி இரவுகளில் தன் ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) விறைத்துவிடக் கூடாதே என்று கூட்டுக்குக் கம்பளி போர்த்துகிறவள். நாங்கள் இருப்பது பதுளைக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 680 மீட்டரில், சுற்றிலும் மலை எழும்பிய பள்ளத்தில். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை கூடிவிடும். அதற்கு மேல் எங்கள் தலைக்கு மேலே சீலிங் இல்லாத தகரக் கூரை வேறு.

2021 நவம்பரில் மகளுக்காக ஒரு ஹாம்ஸ்டர் வாங்கினோம். சிரிய வகை, பொன்னிற முதுகு, கன்னத்தில் எப்போதும் எதையாவது அடக்கி வைத்திருக்கும். கச்சான் கொட்டையை (நிலக்கடலையை)க் கண்டால் விடாது என்பதால் பெயரும் கச்சான். கடைக்காரர் "பாலைவனத்துப் பிராணி, சூடு தாங்கும்" என்று சொல்லி அனுப்பினார். அது தவறு. சிரியாவின் அலெப்போ பக்கத்து வயல்காடுகள்தான் இவற்றின் பூர்வீகம். அங்கே அரை மீட்டருக்கும் ஆழமான வளை தோண்டி நடுப்பகல் சூட்டில் மண்ணுக்குள் கிடக்கின்றன. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கவும் இவற்றால் முடியாது. 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை சுகம். 30ஐத் தாண்டினால் ஆபத்து.

இது எனக்குத் தெரிய வந்த நாளை மறக்க முடியாது. 2022 மார்ச் கடைசி. வேலை முடிந்து இரண்டரை மணிக்கு வந்து பார்த்தேன். எப்போதும் காகிதக் குவியலுக்குள் சுருண்டு தூங்குகிறவன் வெளியே வந்து, வயிறு தரையில் ஒட்ட, நான்கு கால்களையும் பரப்பிக் கிடந்தான். விலா படபடவென்று அடித்தது. தாடைக்குக் கீழே ரோமம் எச்சிலில் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருந்தது. தொட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டிலிருந்து எடுத்து வீட்டு முன் விறாந்தையான இஸ்தோப்பின் சிமெந்துத் தரையில் நிழலில் வைத்தேன். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பாதங்களிலும் காதுகளிலும் ஒற்றினேன். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு வாயருகே காட்டினேன். இருபது நிமிடம் கழித்துத்தான் நக்கினான். தலை நிமிர்ந்ததும் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திவிடத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. திடீர்க் குளிரின் அதிர்ச்சியில் உயிர் போகலாம்.

மறுநாளே ஒரு வெப்பமானி வாங்கினேன். இந்த இரண்டரை வருடத்தில் வாங்கிய பொருள்களில் அதிகம் உதவியது அதுதான். கூடு இருந்த மேசை மேல் பிற்பகல் இரண்டு மணிக்கு 34 பாகை. அதே அறையில், கருங்கல் சுவரோரம், தரையில் 29. சூடான காற்று தகரத்துக்குக் கீழே திரண்டு நிற்கிறது. மேசை அந்தச் சூட்டுக்குள் இருந்திருக்கிறது. கூட்டை இறக்கித் தரையில் வைத்ததற்கு ஒரு சதம் செலவில்லை. எறும்புதான் தொல்லை. நான்கு செங்கல் அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்த் தட்டு வைத்த பிறகு அதுவும் தீர்ந்தது.

அடுத்து எல்லோரும் சொல்வது போலத் தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துக் கூட்டுக்குள் வைக்கப் பார்த்தோம். அந்த நாள்களில் இலங்கையில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் உறையவே இல்லை. பின்னர் மின்சாரம் சீரானதும் செய்து பார்த்தேன். போத்தலைச் சுற்றி நீர் கோத்துப் படுக்கை நனைந்தது, பிளாஸ்டிக்கையும் கொறித்தான். பழைய காலுறைக்குள் போட்டுக் கூட்டுக்கு வெளியே, கம்பியை ஒட்டி வைத்தால் பரவாயில்லை. மிகக் கடுமையான நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். மேசை மின்விசிறியால் அவனுக்குப் பெரிய பயன் இல்லை. வியர்வை இருந்தால்தானே காற்றுப் பட்டு நன்றாகக் குளிரும்! நேரே முகத்தில் அடித்தால் கண்தான் உலரும்.

எங்களைக் காப்பாற்றியது பதுளையின் இரவு. ஏப்ரலிலும் விடியற்காலையில் 19, 20 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிரைப் பகலுக்கு எடுத்துவைக்க முடியுமா என்று யோசித்தபோது, கொல்லையில் கிடந்த அப்பாயியின் உடைந்த அம்மிக்கல் துண்டு கண்ணில் பட்டது. தேய்த்துக் கழுவி இரவில் இஸ்தோப்பில் வைத்தேன். காலை ஏழு மணிக்குக் கூட்டுக்குள் வைத்தேன். பதினொரு மணிக்கும் கை வைத்தால் குளிர்ந்தது. பகல் ஒரு மணிக்கு மேல் தாங்காது என்பதால் தரையில் பதிக்கும் ஓடு ஒன்றை நிழலில் தண்ணீருக்குள் போட்டு வைத்து, துடைத்து மாற்றுகிறோம். காலை எட்டரைக்கு ஜன்னலை மூடி, வெயில் தாழ்ந்ததும் திறப்பதும் இதன் இன்னொரு பாதி. கல் வைக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: கூட்டின் அடித்தளத்தில் நேராகப் பதிய வையுங்கள். படுக்கையின் மேல் வைத்தால், ஹாம்ஸ்டர் அடியில் வளை தோண்டிப் போய் நசுங்கிவிடும்.

தயிர்ச் சட்டி யோசனையும் அப்பாயியுடையதுதான். "மண் சட்டியைக் கவிழ்த்து வையம்மா, உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்" என்று மகளிடம் சொன்னார். எருமைத் தயிர் வாங்கும் அதே சிவப்புச் சட்டி. கொதிநீரில் பால் வாடை போகக் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, விளிம்பில் அரத்தால் ஒரு வாசல் அறுத்தோம். கூட்டின் ஒரு பக்கம் கிழித்த காகிதம் ஒரு சாண் உயரத்துக்கு. மறுபக்கம் வெறும் தரையில் கல்லும் சட்டியும். எங்கே படுப்பது என்பதை அவனிடமே விட்டுவிட்டோம். பத்தரை மணி போல அறை சூடேறத் தொடங்கும்போது, அரைத் தூக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய் நிறையக் காகிதத்துணுக்கோடு சட்டிக்கு வீடு மாறுவான். இரவில் குளிர்ந்ததும் திரும்பவும் காகிதத்துக்கு. அவன் மாறும் நேரத்தை வைத்தே வெயிலைச் சொல்லிவிடலாம்.

பதுளைக்கு ஒரு கோடை மட்டும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மேற்கே மழை கொட்டும்போது, எங்கள் ஊவா மாகாணத்தில் கச்சான் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று காய்ந்து வீசும். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவது அப்போது அற்புதமாக வேலை செய்கிறது. எங்கள் அறையில் நான்கு பாகை வரை இறங்கியதைக் கண்டிருக்கிறேன். அதே சாக்கை ஏப்ரலில் தொங்கவிட்டால் ஒரு பாகைகூட இறங்காது. காற்று அசையாமல் ஈரமாக நிற்கும்போது சாக்கில் உள்ள நீர் அதிகம் ஆவியாவதில்லை, அறையில் புழுக்கம்தான் ஏறும். "ஈரத்துணி போடுங்கள்" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

குடிக்கும் தண்ணீர்ப் போத்தலின் வாயில் உள்ள குண்டு சிக்கிக்கொள்கிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். வெள்ளரிக்காய் நகத்தளவு போதும்; மிச்சத்தைப் பதுக்கி வைத்து அழுகவிடுவான் என்பதால் மாலையில் தேடி எடுத்துவிடுகிறோம்.

இதை எழுதுவது 2024 ஏப்ரலில். கச்சானுக்கு இரண்டரை வயது, அவன் இனத்துக்கு முதுமை. 2022க்குப் பிறகு ஒருமுறைகூட அவன் அப்படி விழுந்து கிடக்கவில்லை. பின்கால்கள் தளர்ந்துவிட்டதால் அம்மிக்கல்லில் ஏற முடியவில்லை. இந்த மாதம் அதை எடுத்துவிட்டு மெல்லிய ஓடுகள் இரண்டை வைத்திருக்கிறேன். அவை சீக்கிரம் சூடாகிவிடுவதால், மகள் பத்து மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறாள். சட்டி வாசலையும் நேற்று இன்னும் ஒரு விரற்கடை அகலமாக அறுத்தோம்.