ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைன்: வரைபடத் தரவை நம்பி ஏற்றலாம்
எங்கள் சர்வே ஆபீஸ் மூலையில் சர்வர் இருந்த காலத்தில் கரண்ட் போனால் வரைபடமும் போய்விடும். இப்போது எல்லாம் ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைன் என்ற இணையவழி வரைபடத் தளத்தில், நிம்மதி. எனக்கு ரொம்பப் பிடித்தது வியூ லேயர், அதாவது ஒரே தரவை ஆளுக்கேற்ற மாதிரி காட்டும் வசதி: குடிநீர் இணைப்புகளுக்கு அடுக்கு ஒன்றுதான், அதில் வீட்டுக்காரர் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துப் பொதுமக்களுக்கு ஒரு வியூ, திருத்தும் உரிமையோடு களப்பணிக் குழுவுக்கு மட்டும் இன்னொன்று, தெருவில் நின்று ஒருவர் வால்வைக் குறித்தால் இரண்டிலும் தெரியும். கிரெடிட்டில் மட்டும் கண் இருக்கட்டும், தரவைச் சேமிக்க அந்தத் தளம் கழிக்கும் கட்டண அலகு அது. ஃபீச்சர் தரவுக்கு (புள்ளி, கோடு, பரப்பாக வைக்கும் தரவு) 10 எம்பிக்கு மாதம் 2.4 கிரெடிட், டைலாக (சிறு சதுரத் துண்டுகளாக) வைத்தால் 1 ஜிபிக்கே 1.2 தான், அதனால் மாறாத பின்னணிப் படங்களை டைலாக்கி ஏற்றுங்கள். அப்புறம், மூல அடுக்கை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள், வியூவை மட்டும் பகிருங்கள்.